மேல் நிலையம்

எங்கள் ஊரில்
உயர்ந்த இடத்தில் இருப்பவர்கள் ஏழைகள்.
பணம் தண்ணீரைப் போலப்
பள்ளம் பார்த்து ஓடிவிட்டது.

எல் ஆல்டோவின் மேட்டில் நாங்கள்,
பூசாத செங்கல் வீடுகளில்,
பாதிக் காற்றில்.
எண்ணூறு மீட்டர் கீழே
மரங்களும் மூச்சும் மலிந்த கலாகோட்டோவில் அவர்கள்.
இங்கே ஒருவனைப் பார்த்து
"நீ என்ன மேலிடத்து ஆளா?" என்று கேட்டால்
ஆமாம் என்பான்,
கால்சட்டையில் ஒட்டுத் தையலோடு.

நான் கம்பிவண்டி நிலையத்தில்
கதவருகே நிற்பவன்.
சட்டையில் குத்திய பட்டை
எலூதெரியோ என்கிறது.
பெட்டிக்குப் பத்துப் பேர்.
எண்ணுவேன், ஏற்றுவேன், கதவைச் சாத்துவேன்.
பத்தில் யார் உசத்தி என்று
கம்பி கேட்பதில்லை.
நான் கேட்பேன்.

வட்டத்தொப்பியைச் சாய்த்து வைத்த லியோகாடியா,
ஆறு மணிப் பெட்டியில் இறங்கிச்
சமையலுக்குப் போகிறவள்:
என்னைவிட ஒரு படி கீழே.
எனக்குச் சீருடை உண்டல்லவா.
முகமூடிக்குள் முகம் ஒளித்துச்
செருப்புக்கு மெருகு போடும் பையன்:
இன்னும் கீழே.
அவன் பகலில் சட்டம் படிக்கிறான் என்று
பிறகு தெரிந்தது.
அன்று என் தராசை
இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.

சாந்தா குரூஸ் சமவெளியிலிருந்து
ஒரு காப்பீட்டு அதிகாரி வந்தார்.
என்னை "ஏய்" என்றார்.
மேல் நிலையத்தில் நாலு எட்டு வைத்தவர்
உதடு நீலம் பாரித்துத் தரையில் உட்கார்ந்தார்.
வெளியூர்க்காரனுக்கு இங்கே தலை கனக்கும்,
அதற்கு சொரோச்சே என்று பெயர்.
உள்ளூர்க்காரனுக்கும் கனக்கும்,
அதற்கு மருந்துக்கடையில் பெயர் இல்லை.

கோகா இலைத் தேநீர் கொடுத்தேன்.
"மெதுவாகக் குடியுங்கள், ஐயா."
குரலில் கருணை இருந்தது.
சத்தியமாகச் சொல்கிறேன்,
கருணைக்குள் ஓர் இனிப்பும் இருந்தது.
தேநீரில் நான் சர்க்கரை போடவில்லை.

மூன்று நாள் அந்த இனிப்போடு
நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன்,
என்னவோ நானே கூலி சேர்த்து
வாங்கிய நெஞ்சு போல.
இந்தக் குளிரில் மூச்சு திணறி,
பிள்ளைகளைப் புதைத்து,
மிஞ்சியவர்கள் விட்டுப்போனது அது.
அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் சாந்தா குரூஸில் ஒரு கல்யாணம்.
வெக்கையில் கால் வீங்கிச்
செருப்பு ஏறவில்லை.
மாப்பிள்ளையின் தம்பி சிரித்தான்:
"மலை கோல்யாவுக்கு எங்கள் வெயில் தாங்காது."
எலுமிச்சைச் சாறு நீட்டினான்,
"மெதுவாகக் குடிங்க."
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் அடங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.
வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து,
பாவம், இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை
என்று மனசு சொன்னபோதுதான் பார்த்தேன்,
தராசு அதே ஆணியில் தொங்குகிறது.

விடுமுறை நாளில் ஒரு சான்றிதழுக்காகக்
கீழே போக வரிசையில் நின்றேன்.
முன்னால் லியோகாடியா.
கதையைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"மேலே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
தளதளவென்று என்ன ஆர்ப்பாட்டம்.
கிழங்கு மட்டும் வேகாது" என்றாள்.
பிறகு மோவாயைத் தூக்கி,
"என் எஜமானிக்கு
முட்டை அவிக்கவும் தெரியாது, தெரியுமா?"

பெட்டி வந்தது. அவள் ஏறினாள். ஒன்பது.
பின்னால் நான்.
கதவருகே வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பெண்
முகம் பார்க்காமல்
விரலை என் பக்கம் நீட்டி
பத்து என்றாள்.