உடுக்குறி

முதல் கிழமை, விடியப்புறம் ஐந்து பத்து பஸ்ஸில்
லப்டொப் பையை நான் அணைத்திருந்த விதத்தைப் பார்த்துக்
கைக்குழந்தை என்று நினைத்து
முன் சீற்றைக் காட்டினார் கொண்டக்டர்.
நான் மறுக்கவில்லை.

கரிப்பட்டமுறிப்பில் மயில்கள் றோட்டைக் கடக்கும்வரை
எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கும்.
ஒற்றை பல்பின் கீழ் பயிற்சித்தாளை விரிப்பேன்.
மாங்குளத்தில் மாறி, ஓமந்தை தாண்ட
போனில் நாலு கோடு ஏறும்.

எங்கள் வகுப்பில் கணினி படித்தவர் எவருமில்லை.
படித்திருந்தால் சேர்க்கமாட்டார்கள், அதுதான் நிபந்தனை;
எங்கள் வாழ்நாளில் தெரியாமைக்குக் கிடைத்த
முதல் தகுதி.
செட்டிகுளத்து சஹீலா விலங்கியல்.
வங்கியில் காசெண்ணும் பற்குணன் வணிகம்.
மடுவிலிருந்து வரும் சிஸ்டர் றெஜினோல்டா மெய்யியல்,
ஒப்படைகளைச் செபத்துக்கு முன்னரே ஏற்றிவிடுவார்.
நிலாமதி தமிழ் சிறப்பு.
நான் புவியியல். எந்தக் குளம் நிரம்பினால்
எந்த வாய்க்கால் உடைக்கும் என்று சொல்வேன்.
அதற்கு இங்கே புள்ளியில்லை.

கற்பிக்கிறவர் கபிலாஷ், வயது இருபத்தாறு.
எங்களை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்,
பிழை விட்டாலும்.

பதினோராம் கிழமை, தரவுத்தளம்.
"பூச்சியம் வேறை, வெறும் இடம் வேறை.
இருக்கோ இல்லையோ எண்டே தெரியாட்டி
அதுக்குப் பேர் நல்."
நிலாமதி கையை உயர்த்தினாள்:
"நல் எண்டா நன்மையெல்லோ, சேர்?"
வகுப்பு சிரித்தது. சிஸ்டரும்.

பிறகு திரையில் ஒரு கேள்வி தட்டினார்:
நல்லும் நல்லும் சமமா?
ஆம் என்று வரவில்லை.
இல்லை என்றும் வரவில்லை.
"தெரியாத ஒண்டு இன்னொரு தெரியாததுக்குச் சமமெண்டு
எப்பிடிச் சொல்லுறது?"
கேட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனார்கள் எல்லாரும்.

நான் போகவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை
பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு முன்னால்
வரிசையில் நிற்கிறது அந்தச் சமன்பாடு.
உதவிப் படிவம், நாலாம் கட்டம்:
கணவர் உயிருடன் உள்ளார், ஒரு சரிவுக் கோடு, காலமானவர்.
முத்தையன்கட்டு இரஞ்சிதமலர் பேனையைப் பிடித்தபடி
நடுவிலுள்ள கோட்டைப் பார்ப்பார்.
அவருக்குப் பின்னால் கற்சிலைமடுப் பெண்ணும்
அதே கோட்டைத்தான் பார்ப்பார்.
அதே கோடு, அதே பேச்சின்மை என்று
ஏழு வருடமாக இருவரையும்
ஒரே கோப்பில் செருகினேன்.

வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும்.
அந்தக் கட்டத்தின் தலையில்
சிவப்பில் ஓர் உடுக்குறி.

ஞாயிறு இரவு. மகன் நித்திரை.
ஜெயசீலன் நுளம்புத்திரியைக் கொளுத்திக் காலடியில் வைத்துவிட்டு
இன்னும் எத்தனை தவணைக் காசு என்று
கேட்காமல் போகிறார்.
ஒப்படை: சொந்தமாக ஒரு படிவம் செய்க.
நாலாம் கட்டத்தில் உடுவை எடுத்தேன்.
ஓடவில்லை.
நாற்பத்தோராம் வரியில் அரைப்புள்ளி ஒன்று இல்லை;
அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம்.
பிறகு ஓடியது.
பெயர் எழுதி, கிராமம் எழுதி,
கணவரைத் தாண்டி
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
வாங்கிக்கொண்டது.
ஒன்றும் கேட்கவில்லை.

நூற்றுக்கு அறுபத்திரண்டு.
கீழே கபிலாஷின் குறிப்பு:
"சரிபார்ப்பு போதாது, மிஸ். முக்கியமான தகவலை
நிரப்பாமல் போக விட்டிருக்கிறீங்கள்."

விளக்கம் எழுதினால் ஐந்து புள்ளி கூடலாம்.
இன்றைய ஐந்து பத்தில் எழுதுகிறேன்,
அழிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன்.
கரிப்பட்டமுறிப்பில் ஒரு மயில்
போகவும் இல்லை, வரவும் இல்லை, நடு றோட்டில்.
சாரதி ஹோர்ன் அடிக்காமல் இருக்கிறார்.