எட்டாம் எண் குறித்துத் தேர்வுக் குழுவுக்கு

பெயர் பிரெனோலன் முனியன். வயது பத்தொன்பது.
உயரம் கேட்டேன், தெரியாது என்றான்.
பக்கத்தில் நின்று பார்த்தேன்:
என் புருவம் வரை வருகிறான்.

மெரிபேங்க் மைதானம். காற்றில் காகித ஆலையின் வாடை.
கடல் பக்கத்து மூலையில் புல் கிடையாது, வெறும் மணல்.
எல்லோரும் அந்த மூலையைச் சுற்றிப் போகிறார்கள்,
இவன் மட்டும் அதற்குள் இறங்கி ஓடுகிறான்.
பலம் என்ற கட்டத்தில் முதலில் இதைத்தான் எழுதினேன்.
பிறகு யோசித்தேன்,
சுற்றிப் போனவர்கள்
பந்திடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

முதல் பாதியில் பதினொரு முறை பந்தைப் பறித்தான்.
எண்ணினேன், கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
பதினொரு முறையும்
பக்கத்தில் நிற்பவன் காலுக்கு இரண்டு முழம் தள்ளிவிட்டு
மறுபடி ஓடத் தொடங்கிவிட்டான்.
சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.

இடது கால்: நிற்பதற்கு.
தலையால் முட்டுவது: கண்ணை மூடிக்கொண்டு.
முதுகில் கண் இல்லை; அது யாருக்கும் இல்லை.
கழுத்து இருக்கிறதே, அதைத் திருப்புவதில்லை.
வீழ்த்தியவனைக் கைகொடுத்துத் தூக்கி
"சாரி ப்ரு" என்கிறான்.
அதற்குள் பந்து அடுத்த பேட்டைக்குப் போய்விடுகிறது.

இடைவேளையில் கார் பானட்டில் வைத்து
கால் பன்னி சௌ தின்றேன்.
வேகம் என்ற கட்டத்தில் குழம்புக் கறை
என்னுடையது, மன்னிக்கவும்.
அதன் அடியில் எழுதியிருப்பது ஆறு.

இரண்டாம் பாதி.
இடப்பக்கத் தடுப்பாளன் ஜபுலானி
கோல் ஆசையில் மேலே போனவன் நடந்துதான் திரும்பினான்.
அவன் இடத்தை அடைக்க இவன் ஓடினான்.
இவன் விட்டுவந்த இடத்தின் வழியே கோல் விழுந்தது.
வேலியோரத்தில் நின்றவர்கள் திட்டியது இவனை.
யார் இடம் என்று கேட்கவே இல்லை இவன்,
வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு
நடுவட்டத்துக்கு ஓடிவந்தான்.
அந்தத் தூரத்தையாவது நடந்திருக்கலாம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்.
நானும் இப்படித்தான் ஓடினேன், இரண்டு பருவம்.
மூன்றாவதில் முழங்கால் போயிற்று.
ஆகவே நான் போட்ட மதிப்பெண்களில்
பாசத்துக்கு ஐந்து,
எரிச்சலுக்கு இன்னோர் ஐந்து
கழித்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டாவது நிமிடம்.
காணொளியில் நீங்கள் இதைத் தவறவிடக்கூடும்.
பந்து இவனிடம் வருகிறது. மூன்று பேர் நெருங்குகிறார்கள்.
நின்றான்.
பூட்ஸின் அடியைப் பந்தின்மேல் வைத்து,
அடுப்பில் பால் பொங்குமா என்று பார்ப்பவனைப் போல
சும்மா நின்றான்.
இரண்டு விநாடி.
வந்த மூவரும் தயங்கினார்கள்.
வலப்பக்கம் ஒரு பாதை திறந்தது,
அதை இவன் பார்த்தான்,
பார்த்ததை நான் பார்த்தேன்.

பிறகு அடித்த அடி
ஆளில்லாத இடத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி,
யாரோ கழுவி நிறுத்தியிருந்த காரின் கதவில் விழுந்தது.
கார்க்காரர் கத்தினார்.
இவன் வேலிவரை ஓடிப்போய் அவரிடமும் சாரி சொன்னான்.
உங்கள் காணொளியில் அது ஒரு த்ரோ-இன், அவ்வளவுதான்.

பரிந்துரை: சேர்த்துக்கொள்ள என்று எழுதத் துணிவில்லை.
வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை.
மே மாதம் மறுபடி போகிறேன், பெட்ரோல் என் செலவு.
ஓடினால் எண்ணமாட்டேன்.
நிற்கிற விநாடிகளை மட்டும்
கோடு போட்டு வைப்பேன்.