தாயின் பெயருக்கு ஒரு கூடு

துடக்குக் கழிந்து மூன்றாம் நாள்
மூன்று பேராக வந்தார்கள்;
நான்காவது ஆள் துவாயில் சுற்றியிருந்தது.
களுவாஞ்சிகுடியில் அன்று கரண்ட் இல்லை.
பிறப்புப் பதிவுப் படிவத்தால்
நான் எனக்கே விசிறிக்கொண்டிருந்தேன்.

“தாயின் பெயர்?”
இரண்டு பெண்களும் ஒன்றாக வாய் திறந்தார்கள்.
ஒன்றாகவே மூடிக்கொண்டார்கள்.
அவன் கலண்டரைப் பார்த்தான்,
அது போன மாதத்திலேயே நின்றது.

பதினெட்டு வருசமாக எழுதுகிறேன்.
தகப்பன் கூட்டில் கோடு இழுத்திருக்கிறேன்.
காணாமற்போனவன் பெயரை
அவள் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல
பிழையில்லாமல் நிரப்பியிருக்கிறேன்.
தாய்க் கூட்டில் மட்டும்
என் பேனா ஒருநாளும் நின்றதில்லை.

சுபோஜினி:
மூன்று தரம் கலைந்து, நாலாவதோடு
கர்ப்பப்பையையும் கொடுத்தவள்.
கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஊசிமருந்து வாங்கப் போய்
வரும்வழியில் ஐஸ் உருகாமல்
மடியில் வைத்துக் காத்தவள்.
பிள்ளை அவளுடைய முட்டை.

கமலரூபி:
அவன் தங்கச்சி.
“ரெண்டு பெத்த வயிறுதானே மச்சாள்,
சும்மாதான் கிடக்கு” என்று சொன்னவள்.
அவளைக் கட்டினவன் கட்டாரில்.

ஆஸ்பத்திரித் துண்டில் கமலரூபி.
அதை எழுதினால்
பக்கத்துக் கூட்டில் யார்?
தாலியைக் கேட்டால், கட்டாரில் கொங்கிரீட் கலக்குகிறவன்.
இரத்தத்தைக் கேட்டால், இந்த அண்ணன்.
உண்மையை உண்மையாக எழுதினால்
ஒரே கடதாசியில்
அண்ணனும் தங்கச்சியும் பெற்றோர்.

லோயரிடம் போனார்களாம்.
“இதுக்கெண்டு சட்டம் இல்ல” என்றாராம்.
“அப்ப தடை இல்லையா சேர்?”
“தடையும் இல்ல. வழியும் இல்ல.
பெத்தவட பேரில பதிஞ்சுபோட்டு
மறுகா கோர்ட்டில தத்துக்குக் கேளுங்க.”
சுபோஜினி இதைச் சொல்லும்போது
சிரித்தமாதிரித்தான் இருந்தது:
“என்ர பிள்ளையை எனக்குத் தரச்சொல்லி
நான் மனுப் போடவேணும்.”

நாளைக்குக் கோயிலிலும் கேட்பார்கள்,
என்ன குடி, எந்த வயிற்றுவார்?
எங்கட பக்கம் எல்லாம் தாய்வழி.
எழுதாத சட்டம்தான், ஆனால்
வயிற்றைப் பெயரிலேயே வைத்த சட்டம்.
வயிறு ஒருத்தியிடமும்
வார் இன்னொருத்தியிடமும் இருக்கும் என்று
அதைச் சொன்னவர்களும் நினைத்திருக்கமாட்டார்கள்.

தெரிந்ததையெல்லாம் எழுதினேன்.
திகதி. நேரம். பிறந்த இடம்.
பால்: பெண்.

அப்போது அது அழுதது.
கமலரூபியின் சட்டை நனைந்தது.
அவள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்ப
சுபோஜினி எழும்பிப் போய்
தன் முந்தானையை விரித்து
கதவுப் பக்கம் மறைத்து நின்றாள்.
வெளியே வரிசையில் ஆட்கள்.
அவள் கை தாழவில்லை,
குடித்து முடியும்வரைக்கும்.

பென்சிலால் எழுதக்கூடாது என்பது விதி.
வெட்டி எழுதக்கூடாது என்பதும்.

“புதன்கிழமை வாங்க” என்றேன்.
போனபிறகு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன்:
நீளம் ஒரு சாண் இல்லை,
உயரம் சின்னவிரல் பருமன்.
புதன்கிழமையும்
அந்தக் கூடு அவ்வளவுதான் இருக்கும்.