மருந்துக்குக் கூட

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்சந்து.
ஞாயிற்றுக்கிழமை, மணி ஏழாகவில்லை.
வாஜித் பாய் கோணியை உதறுகிறார்:
குக்கர் கைப்பிடிகள், ஸ்கூட்டர் விளக்கு,
யாருடையதோ ஒரு பல்செட்டு,
எல்லாவற்றுக்கும் அடியில்
என் உள்ளங்கைக்கு அளவெடுத்ததுபோல்
ஒரு செம்புக் குடுவை.

"வெள்ளைக்காரன் சென்ட் பாட்டில் மேடம், மூவாயிரம்."
சென்ட் பாட்டிலுக்கு எதற்கு பாய் ஸ்பிரிங்?
சிரிக்கிறார். அவருக்கும் தெரியும்.
நகத்தால் ஓரத்து ஒட்டைத் தடவிப் பார்க்கிறேன்.
பையில் கொண்டுபோன புளியைத் தேய்க்கிறேன்.
போன மாதம் பூசிய பழமை புளிக்குப் போய்விடும்.
இது போகவில்லை.
ஆயிரத்து எழுநூறு.

தோட்டா வருவதற்கு முந்தைய சுழல் துப்பாக்கி:
ஆறு அறைக்கும் தனித்தனியே மருந்து கொட்டி
ஈயக் குண்டை அழுத்தி
பின்புறம் ஒவ்வொன்றுக்கும் குட்டித் தொப்பி மாட்டவேண்டும்.
அந்த மருந்து இருந்த குடுவை.
வாயை விரலால் பொத்தி, தலைகீழாய்ப் பிடித்து,
நெம்பை அழுத்தி விட்டால்
மூக்குக் குழாய் நிறைய ஒரு வேட்டு.
கூடாது, குறையாது.

என்னிடம் பதினோரு குடுவைகள்.
துப்பாக்கி ஒன்றுகூட இல்லை.
அதற்கு லைசென்ஸ் வேண்டும், இதற்கு வேண்டாம்.
"சட்டி இல்லாமல் கரண்டி சேர்க்கிறாய்" என்பார் என் வீட்டுக்காரர்.
அவருக்கு எப்படிச் சொல்ல?
எடையளவு இலாகாவில் இருபத்தாறு வருஷம்.
ரஸ்ஸல் மார்க்கெட்டில் தட்டுக்கடியில் காந்தம்,
அல்சூரில் அடி நசுங்கிய லிட்டர்,
பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டருக்கு நாற்பது மில்லி.
என்னைக் கண்டால் கறிக்கடை கரீமுல்லா
இன்றும் தராசைத் துடைக்கிறார்.

ராத்திரி சமையல் மேடையில் சோதனை.
குடுவைக்குள் மருந்துக்குக்கூட மருந்து இல்லை.
அதனால் கசகசா.
ஒவ்வொரு குடுவைக்கும் பத்துமுறை,
நகைக்கடைத் தராசில்.
மற்ற பத்தும் முன்பே பார்த்தவை,
ஒன்றுக்கொன்று சொல்லிவைத்ததுபோல் இருக்கும்.
இது மட்டும்
ஒவ்வொரு தரமும்
மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

பூதக்கண்ணாடி.
குழாயின் வாயை யாரோ அரத்தால் ராவியிருக்கிறான்.
கீறல்கள் இடமிருந்து சரிகின்றன;
இடக்கைக்காரனாக இருக்கலாம்.
அவசரமில்லாத வேலை.
உட்பிசிறைக்கூட மழித்திருக்கிறான்.

கஞ்சனா? மருந்து விலை ஏறியிருந்ததா?
கை நடுங்குபவனா, உதைப்பு தாங்காதவனா?
எஜமானுக்குத் தெரியாமல்
அவன் துப்பாக்கியை நிரப்பிக் கொடுத்த வேலைக்காரனா?
குண்டு போய்ச் சேரட்டும்,
ஆனால் சட்டையோடு நிற்கட்டும் என்று
யாரோ நினைத்தானா?

மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, சரி.
குறைந்தால் நஞ்சு என்ன ஆகும்?
பழமொழி அங்கேயே நின்றுவிட்டது.

நோட்டைத் திறந்தேன்.
எண் பன்னிரண்டு. செம்பு உடல், பித்தளைத் தலை.
அளவு: குறை.
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்,
புள்ளி விழுந்தது, எடுத்துவிட்டேன்.
வாழ்க்கையில் முதல்முறையாக
குறை அளவைக்காரன் ஒருவனுக்கு
அபராதம் எழுத மனம் வரவில்லை.
பாராட்டவும் தைரியம் இல்லை.
அவனால் ஒருவன் பிழைத்தானோ,
அரைகுறையாய்த் துளைபட்டு
மூன்று நாள் கிடந்து செத்தானோ.

கசகசாவைக் கொட்டி டப்பாவில் போட்டேன்.
நாளைக்குக் குருமா.
குடுவையைக் காதருகே ஆட்டினால்
உள்ளே இன்னும் ஏதோ கிலுகிலுக்கிறது.
கசகசாதான்.
இருந்தாலும் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து
எடுத்துத் தள்ளிவைத்தேன்.