ளிகை

படத்தின் பெயர் அட்டை கிழிந்துவிட்டது.
மிஞ்சியது கடைசி இரண்டெழுத்து: ளிகை.
மாளிகையாகத்தான் இருக்கும் என்கிறான் பிச்சைக்கனி.
தூளிகை என்றும் ஒரு சொல் உண்டு என்றேன்.
பிழையாக எழுதிய நாழிகையாகவும் இருக்கலாம்.

ஃபஹாஹீலில் வீடியோ கடையை மூடிய அன்று
கால் தினாருக்குப் பத்து கேசட் என்று
சாக்கில் அள்ளிப் போட்டார்கள்.
ஒன்பதில் கல்யாணம், யார் யாருடையதோ.
பத்தாவதில் இது.

நாலு கட்டில் அறை எங்களுடையது.
வீசிஆரின் ஹெட்டை அத்தர் விட்டுத் துடைப்பேன்.
அதனால் பேய்ப்படம் எப்போதும்
கொஞ்சம் ஊதுபத்தி மணக்கத் தொடங்கும்.

அறுபதுகளின் தொடக்கம் என்று
ரவிக்கைக் கையை வைத்துச் சொல்கிறேன்.
நடித்தவர் ஒருவரையும் தெரியவில்லை.
ஒரு மாடிப்படி. ஒரு கதவு.
அரிக்கேன் விளக்கோடு ஒருத்தி.
அவள் நின்ற பிறகும் நிழல்
இன்னும் ஒரு படி ஏறிவிட்டு நிற்கிறது.

அச்சில் வந்த கோளாறா, யோசித்துச் செய்ததா,
இருபது தடவை ரீவைண்ட் செய்தேன்.
லிஃப்ட் மெக்கானிக் நான்.
நின்ற பிறகும் அரை அங்குலம் நகரும் பெட்டியை அறிவேன்,
அதற்குத் தேய்மானம் என்று பெயர்.
இதற்கு அந்தப் பெயர் போதவில்லை.

“பேய் எங்கடா” என்று கேட்டுக் கேட்டு
குப்பூஸைப் பிய்த்தான் பிச்சைக்கனி.
வராது என்றேன். கடைசிவரை வராது.
அதற்காகத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பனி என்று காட்டுவது தேங்காய் மட்டைப் புகை,
தெரியத்தான் தெரிகிறது.
கேமராவுக்குப் பின்னால் ஒருவர் இருமுகிறார்.
வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்,
இன்னொரு முறை எடுக்க பிலிம் இருந்திருக்காது.
எல்லோரும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.
இருமல் மட்டும் அப்படியே,
தொண்டை ஈரத்தோடு.

மூன்றாவது ரீல் இல்லை.
அவள் கதவில் கை வைக்கிறாள்.
அடுத்த காட்சியில், கூடத்தில்
எல்லோருக்கும் நரைத்திருக்கிறது.
யாரும் எதையும் விளக்குவதில்லை.
காலி நாற்காலி ஒன்றைப் பார்த்து
“சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்கிறார்கள்.

அந்த இடத்தில் மரியசிலுவை எழுந்து வெளியே போனார்.
பதினெட்டு வருடமாக அவருக்கு
இரண்டு வருடத்துக்கொருமுறை நாற்பது நாள் லீவு.
படம் பிடிக்கலையாண்ணே என்றதற்கு
காற்று வாங்க வந்தேன் என்றார்.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.

நேற்று புழுதிக் காற்று.
அஹ்மதி ஆலையின் தீக்கொழுந்து
ஜன்னலில் மங்கலாய் அசைந்துகொண்டிருந்தது,
ரீல் ஓடும் வெளிச்சம் மாதிரி.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஏசி ஒரு முறை நடுங்கி நின்றது.
அந்த அமைதியை ஏற்கெனவே கேட்டிருந்தேன்,
கதவுக்கும் நரைக்கும் நடுவில்.

மேல் கட்டிலிலிருந்து கனி:
“டேய், அவ கதவைத் திறந்தாளா, இல்லியா?”
தெரியாது என்றேன்.
“தெரியாம எப்படிடா தூங்குற?”

பிறகு எல்லோரும் இருமினோம்,
புழுதிக்கு, ஆளுக்கொன்றாக, இருட்டில்.
குரலை வைத்து ஆளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
இது மரியசிலுவை. இது கனி.
இது புதுசாக வந்த பையன்.
இது நான்.
சற்று விட்டு இன்னொன்று,

தொண்டை ஈரத்தோடு.