மேல்வீட்டு வெளிச்சம்

பாலத்தின் நடுவில் நிற்கிறாள் என் வீராங்கனை.
கையில் தீப்பந்தம், பின்னால் ஓநாய்கள்.
"ஓடுடீ" என்று காதுக்குள் கத்துகிறாள்
ஹாலிஃபாக்ஸிலிருந்து நாச்சியார்.
கட்டைவிரலை முன்னே தள்ளுகிறேன்.
ஓடவில்லை.
மூச்சு மட்டும் வாங்குகிறாள்,
சும்மா நின்றால் மூச்சு வாங்கும்படி
யாரோ வரைந்திருக்கிறார்கள்.

ரெஜைனாவில் மணி இரண்டு நாற்பது.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
தெருவில் கார்களெல்லாம் உறையாமலிருக்க
ஆளுக்கொரு வயரைச் சொருகிக்கொண்டு தூங்குகின்றன.
நானும் இதுவரை வயரில்தான் ஆடினேன்.
நாற்காலிச் சக்கரம் அதன்மேல் ஏறியது.
நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போகட்டும், வயர் இல்லாமல் ஓடுவதற்குத்தானே
வெள்ளிக்கிழமை இருபது டாலர் கொடுத்தேன்
மேல்வீட்டுப் பையன் ஜெத்ரோவிடம்.
இடதுபக்க ரப்பர் தேய்ந்து
அவன் விரல் அளவுக்குக் குழிந்திருக்கும் கன்ட்ரோலர்.

டிவி ரிமோட்டின் வயிற்றைத் திறந்து
இரண்டு பாட்டரி எடுத்துப் போட்டேன்.
நடுப் பொத்தானை அழுத்தினேன்.
விளக்கு மினுக்கியது, நிலைத்தது, எரிந்தது.
எரிகிறது. ஆனால் கேட்கவில்லை.
சற்று நேரத்தில் தானே அணைந்தது.
தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

மைக்ரோவேவைப் பிடுங்கினேன்.
தண்ணீர் பாட்டிலை நகர்த்தினேன்,
தண்ணீர் அலையை மறிக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம்.
அழுத்தினேன். எரிந்தது. அணைந்தது.
மேலே நடை.
போனை அடுத்த அறையில் மெத்தைக்கடியில் வைத்துவிட்டு
டிவியோடு மூக்கு உரச உட்கார்ந்தேன்.
எரிந்தது. அணைந்தது.
இந்தமுறை நடை கொஞ்சம் ஓட்டமாக.
இந்த மனுஷருக்குத் தூக்கமே வராதா என்று
எனக்குக் கோபம் வேறு.

நான்காவது தடவைக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது.
வீட்டுக்காரர் அபாட். பனியன்மேல் பார்க்கா கோட்டு,
கையில் ரிமோட்.
மன்னிப்பை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே திறந்தேன்.

"உன் வீட்டிலும் டிவி தானாக எரிகிறதா?" என்றார்.

இவர் அணைக்க அணைக்க
அது எழுந்து கூடமெல்லாம் நீலமாக நிற்கிறதாம்.
அண்ணன் இலொய்லோவில், ஆஸ்பத்திரியில்.
இரண்டாம் தடவை சிலுவை போட்டுக்கொண்டாராம்.
மூன்றாம் தடவை
வேறெதுவாகவும் இருக்காது என்று முடிவுகட்டி
அங்கே கூப்பிட்டுவிட்டாராம்.
அங்கே சாயங்காலம்.
அண்ணன்காரன் பப்பாளி தின்றுகொண்டிருந்தானாம்.
"செத்தால் சொல்லி அனுப்புகிறேன், போய்ப் படு."
பிறகு இருவரும்
பதினோரு நிமிடம் பேசியிருக்கிறார்கள்.
பதினோரு நிமிடம், என்று மறுபடி சொன்னார்,
என்னிடம் இல்லை, ரிமோட்டிடம்.

நான் என் கையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
"அழுத்து" என்றார்.
அழுத்தினேன்.
மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில்,
நீலம்.

சிரிப்பில் ஜெத்ரோ எழுந்து வந்துவிட்டான்,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
விற்றும் அது அவனையே
தேடிப் போய்க்கொண்டிருந்ததை அவனிடம் சொன்னோம்.
கண்ணைத் திறக்காமலே வாங்கி
தலைப்பக்கம் ஒரு சின்னப் பொத்தானை,
அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது,
மூன்று விநாடி பிடித்தான்.
என் பெட்டியிலும் அப்படியே ஒன்று.
விளக்கு படபடத்து அடங்கியது.
"இருபது டாலருக்கு இதையும் சொல்லியிருக்கணும்" என்றார் அப்பா.
பையன் பாதிப் படியிலேயே தூங்கிவிட்டிருந்தான்.

பாலத்துக்கு வந்தேன்.
ஓநாய்களை நாச்சியார் ஒருத்தியே
அடித்து முடித்திருந்தாள்.
என் வீராங்கனை நின்ற இடத்துக்குப் பக்கத்தில்
நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்கு ஏழு மணிக்கு வேலை.

கட்டைவிரலைத் தள்ளினேன்.
இரண்டடி நகர்ந்தது.

"எங்கடீ போன இவ்வளவு நேரம்?"

"மேல்வீட்டுக்கு."