நான்காவது கட்டம்

குழந்தையின் சட்டைப் பைக்குள்
தீப்பெட்டி அளவில் ஒரு பதிவுக் கருவி.
காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை
அந்த வீடு பேசியதெல்லாம்
தார்த்து நகரில், மூன்றாம் மாடியில்,
என் காதுக்குள் திரும்பப் பேசுகிறது.

பெயர் லேலோ. ஹீயுமா தீவு. பதினான்கு மாதம்.
அம்மா பயணக் கப்பலில் சமையல், வாரம் விட்டு வாரம்.
அப்பா ஊர்மஸ், படகு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்.

என் வேலை எண்ணுவது.
முதல் கட்டம்: பேசியது யார்.
அடுத்தது: எத்தனை சொல்.
பிறகு, குரல் உயர்ந்ததா, உயிரெழுத்து நீண்டதா.
நான்காவது: குழந்தையிடமா, பிறரிடமா.

பதினொரு மணிக்கு அம்மா தொலைபேசியில் வருகிறாள்.
"லேஏஏலோ! கஞ்சி தின்னாச்சாஆ? யாஆரு தின்னா?"
குரல் மாடிப்படி ஏறி இறங்குகிறது.
ஒவ்வொரு சொல்லையும் மாவு போல இழுத்து
அந்தச் சின்ன வாய்க்குத் தக்கபடி கிள்ளித் தருகிறாள்.
என் பென்சிலுக்கு ஓய்வில்லை.
ஆறு நிமிடம். அப்புறம் கப்பலின் சங்கு.

மீதி நாள் ஊர்மஸ்.
அவர் பேசுகிற ரகம் இல்லை.
குழந்தையிடம் மொத்தம் நாற்பத்தோரு சொல்,
அதில் பத்தொன்பது "வேண்டாம்."
மேற்பார்வையாளர் ஹெல்வி அந்த எண்ணைச் சுற்றிச்
சிவப்பில் வட்டமிட்டு, பெருமூச்சும் விட்டார்.

ஆனால் ஊர்மஸ் இயந்திரத்தோடு பேசுகிறார்.
"நோஹ்" என்கிறார், கழல மறுக்கும் திருகாணியிடம்.
எங்கள் எஸ்டோனிய மொழியில் அது பாதிச் சொல்தான்.
சரி, அப்புறம், என்ன, வாயேன், பார்ப்போம்
எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் அடங்கிவிடும்.
கொதிக்காத கெண்டியிடம் "நோஹ்."
காலில் ஏறாத பூட்ஸிடம்,
மழையிடம்,
உள்ளே வருவதா வேண்டாமா என்று வாசலில் நிற்கும் நாயிடம்.
கடைசியில் ஏதோ கழன்று வந்தபோது
தணிந்த குரலில், ஏறக்குறைய கொஞ்சலாக, ஒரு "நோஓஹ்."
எல்லாவற்றையும் நான்காவது கட்டத்தில்
"பிறரிடம்" என்றே குறித்தேன். விதி அப்படி.

மாலை நான்கு இருபது.
அவர் எங்கோ தள்ளிப் போயிருக்கிறார்.
துணி உரசுகிறது. கருவிக்கு வெகு அருகில் மூச்சு.
உலோகத்தின் மேல் உள்ளங்கை தட்டும் சத்தம், இரண்டு தரம்.
பிறகு,
யாரும் கொஞ்சிக் கிள்ளித் தராத,
எண்ணெய்க் கறை கூடப் போகாத ஒரு சொல்:
"நோ."

சற்று நேரம் ஒன்றுமில்லை.
பதில் சொல்லாத இயந்திரத்திடம்
அப்பாவின் அதே அலுப்போடு,
"நோஓ."

நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடி கேட்டேன்.
பேசியது யார்: குழந்தை.
எத்தனை சொல்: இரண்டு.
யாரிடம் என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அன்று இரவு என் வீட்டுப் பூட்டில் சாவி சிக்கியது.
கதவுக்கு அந்தப் பக்கம் என் மகன் தவழ்ந்து வருவது கேட்டது,
முழங்கால் மாற்றி முழங்கால்.
பகலெல்லாம் அடுத்தவர் பேச்சை எண்ணிவிட்டு
வீட்டில் வாய் திறக்காதவள் நான்.
சாவியிடம்தான் சொன்னேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.